காரிடார்ல மிளகாய்ச் செடி: உரத்த கொறைங்க, காய் கூடும்

ரெண்டு நாள் ஊறுன கடலைப் புண்ணாக்கு எப்படி நாறும்னு தெரியணும்னா சிங்கப்பூர் யீஷூன்ல எங்க புளோக் ஒம்பதாவது மாடில யார வேணா கேளுங்க, நல்லா வெவரமா சொல்லுவாங்க. ஊர்ல பெரியப்பா தோட்டத்துல டிரம்ல புண்ணாக்கு ஊற வெச்சு வாய்க்கா தண்ணியோட கலந்து விடுவாரு, செடியெல்லாம் தளதளன்னு நிக்கும், அத சின்ன வயசுல பாத்தது மனசுலயே இருந்துச்சு. நானும் ஆன்லைன்ல ஒரு கிலோ வாங்கி பழைய பெயின்ட் வாளில ஊற வெச்சு மூடி போட்டு காரிடார்ல செடிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சேன். ரெண்டாம் நாள் சாயங்காலமே பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி கதவத் தட்டி, உங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல எலி கிலி செத்துக் கெடக்கா பாருங்கன்னு ரொம்ப மரியாதையா சொன்னாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு திருட்டுத்தனமா வாளிய உள்ள தூக்கிட்டு வந்து டாய்லெட்ல ஊத்தி எத்தன தடவ ஃப்ளஷ் பண்ணேன்னு கணக்கே இல்ல.

சரி நாத்தம் போச்சுன்னு பாத்தா அடுத்த கூத்து. ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு குவளைய தண்ணி கலக்காம அப்படியே செடிக்கு ஊத்திட்டேன், வீணாப் போகக் கூடாதேன்னு. செடி என் நெஞ்சு உசரத்துக்கு வளந்துச்சு, இலை கரும்பச்சையா உள்ளங்கை அளவுக்கு, பாக்கறவங்க எல்லாம் என்ன உரம் போடறீங்கன்னு கேட்டாங்க. ரெண்டு மாசமா ஒரு பூ கெடையாது! ஒண்ணே ஒண்ணு கூட!

அதுலேர்ந்து கத்துக்கிட்டதத்தான் எழுதறேன். நம்மள்ல நெறைய பேரு மிளகாய்ச் செடிய பட்டினி போட்டுக் கெடுக்கறதில்ல, ஊட்டி ஊட்டித்தான் கெடுக்கறோம். வயல்ல ஒரு செடிக்கு போடறத மழை இழுத்துக்கிட்டுப் போகும், பக்கத்து செடி பங்கு போட்டுக்கும், தொட்டில போட்டா போட்டது பெரும்பாலும் அங்கயேதான் கெடக்கும்.

உரத்துக்கு முன்னாடி வெயில் பத்தி பேசியாகணும், ஏன்னா வெயில் இல்லாத செடிக்கு என்ன போட்டாலும் வேஸ்ட். மிளகாய்க்கு நேரடி வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் இருந்தா அருமை, நாலு மணி நேரம் இருந்தா சிலி பாடி மாதிரி சின்ன வகை ஓரளவு காய்க்கும், அதுக்கும் கீழன்னா இலைதான். நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு பக்கத்துலயே இருக்கறதால ஒரு விசித்திரம் உண்டு, ஜூன் மாசம் உச்சிச் சூரியன் வடக்குப் பக்கமா சாஞ்சிருக்கும், டிசம்பர்ல தெக்குப் பக்கமா சாஞ்சிருக்கும். அதனால வடக்கு பாத்த காரிடார்ல சுமாரா ஏப்ரல்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் நல்ல வெயில் விழும், அப்பறம் இருட்டு. தெக்கு பாத்த வீட்டுக்கு அப்படியே நேர்மாறு, அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான், அதுலயும் டிசம்பர் ஜனவரில வடகிழக்குப் பருவமழை வந்து பாதிய தின்னுரும். போன வருஷம் இதே எடத்துல இதே செடி கொத்துக் கொத்தா காச்சுதே இப்ப ஏன் இப்படி நிக்குதுன்னு தல சொறியறவங்க மொதல்ல மாசத்தப் பாருங்க, அப்பறம் உர பாக்கெட்டத் தேடலாம். கெழக்கு மேற்கு பாத்த வீட்டுக்காரங்க குடுத்து வெச்சவங்க, வருஷம் பூரா அரை நாள் வெயில் உண்டு, மேற்குன்னா மத்தியானம் காரிடார் சுவர்ச் சூட்டுல செடி வாடும், தண்ணி கூட ஊத்தணும், அவ்வளவுதான்.

எங்க வெக்கறதுன்றதுலயும் கவனம். காரிடார்ல நடக்கறதுக்கு 1.2 மீட்டர் வழி விட்டே ஆகணும், தீ கீ புடிச்சா ஆளுங்க ஓடணும் ஸ்ட்ரெச்சர் வரணும். பாரப்பெட் சுவர் மேல தொட்டிய வெக்கவே வெக்காதீங்க, ஒம்பதாவது மாடிலேர்ந்து ஒரு மண் தொட்டி விழுந்தா கீழ போறவங்க கதி என்ன. வெயிலுக்கு ஏங்கறவங்க தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்கள்ல விடற தோட்டப் பாத்திக்கு எழுதிப் போடலாம், 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தி, மூணு வருஷக் குத்தகை, கேக்கறவங்க அதிகம்னா குலுக்கல்தான். பக்கத்து கம்யூனிட்டி தோட்டத்துல சேந்துக்கறதும் ஒரு வழி, வெயிலோட நாலு பேரு அனுபவமும் கெடைக்கும்.

விதைக்கு நான் காசு செலவு பண்றதில்ல. மளிகைல வாங்கற காஞ்ச மிளகாய்லயே பாதி முளைக்கும், ரொம்ப சூட்டுல காய வெச்சதுன்னா முளைக்காது, ஒரு இருபது விதை போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும். ஈரச்சந்தைல விக்கற நல்லா பழுத்த செகப்பு மிளகாய்ல எடுத்தா இன்னும் நிச்சயம். பச்சைக் காய்ல இருக்கற விதை முத்தியிருக்காது, அத போடாதீங்க. கலப்பின விதைலேர்ந்து வந்த காய்னா அடுத்த தலைமுறை அதே மாதிரி வராம போகலாம், எனக்கு ஒரு தடவ நீள மிளகாய் போட்டு குட்ட மிளகாய் வந்துச்சு, காரம் இருந்துச்சு அதனால கோவிச்சுக்கல. விதை எடுத்த கையோட கண்ணத் தொட்டுராதீங்க, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல ஆனாலும் சொல்றேன். நம்ம சூட்டுக்கு ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள முளை வந்துரும்.

குடைமிளகாய் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு, என் யோசனை வேண்டாம். அதுக்கு ராத்திரி கொஞ்சம் குளிரணும், நம்மூர்ல ராத்திரி கூட சாதாரணமா 24, 25 டிகிரிக்கு கீழ எறங்க மாட்டேங்குது, பூ பூத்து பூத்து கொட்டிரும், பொழச்ச காயும் எலுமிச்சம்பழம் சைஸ்ல நிக்கும். மலேசியாவுல குளுகுளுன்னு இருக்கற கேமரன் மலைல வெளையறது நம்ம காரிடார்ல வெளையாது. சிலி பாடி, நீளமான செகப்பு மிளகாய், ஊர்க் குண்டு மிளகாய் இதெல்லாம் சூட்டுக்குப் பொறந்தது, அதுங்கள நம்புங்க.

தொட்டி வாய் அகலம் 30 சென்டிமீட்டர், ஆழமும் அதே அளவு, ஒரு தொட்டிக்கு ஒரு செடி. ஒரே தொட்டில மூணு நட்டா மூணும் நோஞ்சானா நிக்கும், புடுங்க மனசு வராது எனக்கும் தெரியும், ஆனா புடுங்கித்தான் ஆகணும், இல்ல யாருக்காச்சும் குடுங்க.

மண்ணுக்கு இங்க கடைல மூட்டைல விக்கற சுட்ட மண்ணு மட்டும் போட்டா ரெண்டு மாசத்துல கல்லு மாதிரி எறுகிப் போயிரும், தண்ணி மேலயே நின்னு ஓரமா வழிஞ்சு ஓடும். நான் போடற கணக்கு, பாட்டிங் மண்ணு ரெண்டு பங்கு, கோக்கோபீட் (தேங்கா நார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கையளவு பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளக் கல்லு). கோக்கோபீட்ட ரெண்டு தடவ தண்ணில அலசிட்டு போடுங்க, சிலதுல உப்பு இருக்கும். அதோட ஒரு தொட்டிக்கு ரெண்டு மேசைக்கரண்டி வேப்பம் புண்ணாக்கு, காஞ்ச தூளா, மண்ணோட பெரட்டி ஒரு வாரம் ஈரமா வெச்சிருந்து அப்பறமா நடுங்க. உடனே நட்டா மக்கும்போது வேர் வெந்து போக வாய்ப்பிருக்கு.

நாத்து நாலஞ்சு நெஜ இலை விட்டதும் பெரிய தொட்டிக்கு மாத்திரலாம், சாயங்காலமா மாத்துங்க, ரெண்டு நாள் நெழல்ல வெச்சு அப்பறம் வெயிலுக்குக் கொண்டாங்க. ஒரு சாண் உசரம் வந்ததும் நுனிக் கொழுந்தக் கிள்ளிருங்க. கிள்ளும்போது நெஞ்சு அடிச்சுக்கும், பரவால்ல, பத்து நாள்ல கணுவுக்குக் கணு கிளை வெடிக்கும், கிளை எத்தனையோ அத்தனை பூ.

இப்ப உரம். இயற்கை உரம்னா செடி அப்படியே எடுத்து சாப்பிடாது, இத நான் ரொம்ப நாள் புரிஞ்சுக்காம இருந்தேன். புண்ணாக்கோ கோழி எருவோ மண்ணுல இருக்கற நுண்ணுயிர் அத சாப்பிட்டு ஒடைச்சு குடுத்தாத்தான் வேர் உறிஞ்சும். நம்மூர் சூட்டுலயும் ஈரத்துலயும் அந்த வேலை வேகமாத்தான் நடக்கும், ஆனாலும் செடில வித்தியாசம் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும். நாம என்ன பண்றோம், ஞாயித்துக்கெழம போடறோம், வியாழக்கெழம பாத்து ஒண்ணும் நடக்கலியேன்னு இன்னொரு கரண்டி போடறோம், அடுத்த வாரம் யூடியூப்ல எதையோ பாத்துட்டு இன்னொண்ணு போடறோம். மூணாவது வாரம் எல்லாம் ஒண்ணா மக்கி செடி தலைல எறங்குது. இலை நுனி கருகறது, மண்ணு மேல வெள்ளையா உப்பு பூக்கறது, கரும்பச்சை இலை பறவை நகம் மாதிரி கீழ வளையறது, இதெல்லாம் அஜீரணம். அப்படி ஆயிட்டா தொட்டிய பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு தண்ணிய மெதுவா ஊத்தி கீழ வழிய விடுங்க, ஒரு மாசத்துக்கு எதுவும் போடாதீங்க.

என் வழக்கம் இதுதான். மாத்தி நட்டு மொத மூணு வாரம் வெறும் தண்ணி, கலவைல இருக்கற மண்புழு உரமே போதும். அப்பறம் உருண்டையா குச்சி மாதிரி விக்கறாங்களே கோழி எரு, அது மாசம் ஒரு மேசைக்கரண்டி, ஒண்ணே ஒண்ணு, தண்டுகிட்ட போடாம தொட்டி ஓரமா வட்டமா தூவி விரலால ஒரு இஞ்ச் உள்ள கிளறி மண்ணு போட்டு மூடிருங்க. மேலயே விட்டா ரெண்டாவது நாள் ஈ மொய்க்கும், மழைச்சாரல் பட்டா வாடையும் வரும். நடுவுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ திரவ உரம், மீன்ல செஞ்சதோ கடல்பாசில செஞ்சதோ, பாட்டில்ல போட்டிருக்கற அளவுல பாதி. மீன் உரம் ஒரு ராத்திரி நாறும், காலைல போயிரும், நான் எல்லாரும் கதவ அடைச்சு படுத்தப்பறம் ஊத்துவேன். மண்ணு காஞ்சிருக்கும்போது ஊத்தாதீங்க, மொதல்ல வெறும் தண்ணி கொஞ்சம் ஊத்தி ஈரமாக்கிட்டு அப்பறம்.

மொட்டு தெரிய ஆரம்பிச்சதும்தான் முக்கியமான எடம். அது வரைக்கும் இலைக்கு தழைச்சத்து (நைட்ரஜன்) வேணும், இப்ப அதக் கொறைச்சு சாம்பல்சத்து (பொட்டாசியம்) பக்கம் போகணும். உர பாக்கெட்ல மூணு நம்பர் போட்டிருப்பாங்க, மொதல்ல தழைச்சத்து, அடுத்து மணிச்சத்து (பாஸ்பரஸ்), கடைசி சாம்பல்சத்து, கடைசி நம்பர் மொத நம்பர விட சின்னதா இருந்தா அது கீரைக்கு நல்லது, காய்க்கற செடிக்கு அத மட்டும் நம்பாதீங்க. என் புண்ணாக்கு கூத்துல நடந்ததும் அதான், கடலைப் புண்ணாக்குல தழைச்சத்து நூத்துக்கு ஏழு பங்கு கிட்ட இருக்கும், சாம்பல்சத்து ஒண்ணு சொச்சம்தான். ஒரு குவளை ஊத்துனதும் செடி இலை போடற வேலைலயே மும்முரமாயிருச்சு. மொட்டு வந்தா கோழி எருவ பாதி கரண்டியாக்கி, கடல்பாசி உரத்த பத்து நாளுக்கு ஒரு தடவ ஆக்கிருவேன், மாசம் ஒரு பிடி மண்புழு உரம் மேல தூவிருவேன். மொட்டு தெரியறதுக்கு முன்னாடி வெறும் புண்ணாக்கு போட்டே ஆகணும்னா காஞ்ச தூள் ஒரு டீஸ்பூன் பொதைச்சு வெச்சிருங்க, ஊறவெக்கற ஆசைய விட்ருங்க, நான் பட்டது போதும்.

அடுப்படி உரம் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எங்க அம்மா அரிசி கழுவுன தண்ணி ஊத்தச் சொல்லுவாங்க, அதுல சத்து கொஞ்சம்தான், ஊத்தறதுன்னா அன்னிக்கே ஊத்திருங்க, மறுநாள் வெச்சா புளிச்சிரும். டீத்தூள் போடலாம், ஆனா நம்ம வீட்டு டீத்தூள் பால் சீனியோட கொதிச்சது, கழுவாம போட்டா மறுநாளே எறும்பு ஊர்வலம். கோப்பிக்கடைல கோப்பித்தூள் சக்கை கேட்டு வாங்கறவங்களும் கவனிங்க, நம்மூர் கோப்பிக்கொட்டைய சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கறாங்க, அந்த சக்கைய தொட்டி மேல கொட்டாதீங்க, மக்க வெச்சுப் போடுங்க. வாழப்பழத் தோல தண்ணில ஊற வெச்சு ஊத்தறது இப்ப ஃபேஷன், தோல்ல சாம்பல்சத்து இருக்கறது உண்மைதான், ஆனா ஒரு ராத்திரில தண்ணில எறங்கறது கொஞ்சம், பழ ஈதான் மிச்சம். தோல நறுக்கி வெயில்ல மொறுமொறுன்னு காய வெச்சு பொடிச்சு மண்ணுக்குள்ள பொதைச்சா ஈ வராது, மெதுவா மக்கும்.

முட்ட ஓடு. இத எல்லாருமே நொறுக்கி மேல தூவறோம், பாக்க அழகா இருக்கும், ஆறு மாசம் கழிச்சும் அப்படியே இருக்கும். அது கிட்டத்தட்ட பூராவும் கால்சியம் கார்பனேட், லேசுல கரையாது. மாவு மாதிரி மிக்சில அரைச்சு மண்ணு கலக்கும்போதே சேத்தா பலன் உண்டு. காய் அடிப்பக்கம் கறுத்து அழுகுதுன்னு முட்ட ஓடு தேடி ஓடறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பெரும்பாலும் மண்ணுல கால்சியம் இல்லாம இல்ல, ஒரு நாள் காயப் போட்டு மறுநாள் ரொப்பி ஊத்தறதால செடி அத மேல ஏத்த முடியாம தவிக்குது. தண்ணிய ஒழுங்கு பண்ணுங்க, புதுக்காய் சரியாகும்.

காய்கறித் தோல பச்சையா தொட்டில பொதைக்காதீங்க. தோட்டத்துல பரவால்ல, காரிடார்ல கரப்பான்பூச்சியும் எலியும் வரும், வந்தா உங்க வீட்டோட நிக்காது. கழிவ உரமாக்க ஆசைன்னா கழிவ புளிக்க வெக்கற பொகாஷி வாளி நல்லது, காத்துப் புகாத மூடி, அதுக்குன்னே விக்கற நுண்ணுயிர் கலந்த தவிடு தூவி அமுக்கி ரொம்புனதும் ரெண்டு வாரம் மூடி வெச்சு அப்பறமா தனியா ஒரு பெட்டில மண்ணோட கலந்து மக்க விடணும். ஊறுகா மாதிரி புளிச்ச வாடை வரும், தெறக்கும்போது மட்டும்தான்.

தண்ணி எவ்வளவுன்னு கேட்டா எனக்கு லிட்டர் கணக்கு சொல்லத் தெரியாது. ஆள்காட்டி விரல ரெண்டு கணு மண்ணுக்குள்ள விடுங்க, ஈரம் ஒட்டுனா விட்ருங்க, காஞ்சிருந்தா அடித்துளைலேர்ந்து வழியற வரைக்கும் ஊத்துங்க. இன்னொண்ணு, தண்ணி ஊத்துன ஒடனே தொட்டிய லேசாத் தூக்கிப் பாருங்க, அந்த கனத்த கை ஞாபகம் வெச்சுக்கும், அப்பறம் தெனம் தூக்கிப் பாத்தாலே தெரியும். மிளகாய்க்கு கொஞ்சம் தாகம் இருக்கலாம், காலு மட்டும் நனைஞ்சே இருக்கக் கூடாது.

அடித்தட்டு தண்ணிதான் நம்ம ஊர்ல பெரிய பிரச்சின. டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு முட்டையிட்டு கொசுவாகி பறக்க ஒரு வாரம் போதும், அதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தட்ட காலி பண்ணச் சொல்றாங்க. கொட்டுனா மட்டும் போதாது, முட்ட தட்டோட விளிம்புல ஒட்டியிருக்கும், தேய்ச்சுக் கழுவணும். மேல்மண்ணு எறுகி தண்ணி தேங்கற மாதிரி இருந்தாலும் குச்சியால கிளறி விடணும். நான் தட்டே வெக்கறதில்ல, ஆனா அதுக்காக வழியற தண்ணி கீழ் வீட்டு மூங்கில் கழில காயற துணி மேல சொட்டுச்சுன்னா அது தனி சண்ட, அதனால பால்கனில இருக்கற ரெண்டு தொட்டிய மட்டும் பாத்ரூமுக்கு எடுத்துட்டுப் போயி தண்ணி காட்டி வடிய விட்டு கொண்டாந்து வெக்கறேன். முதுகு வலிக்குது, வேற வழியில்ல.

பூ வந்து உதிர்ந்தா பதறாதீங்க, மொத ரவுண்டு பூ கொட்டறது சகஜம். தொடர்ந்து கொட்டுனா நாலு காரணத்துல ஒண்ணு, வெயில் பத்தல, தழைச்சத்து ஜாஸ்தி, தண்ணி தாறுமாறு, இல்ல மகரந்தம் சேரல. மிளகாய்ப் பூ தன்னத்தானே மகரந்தச் சேர்க்கை பண்ணிக்கும், தேனீ கட்டாயம் இல்ல, காத்துல ஆடுனாலே போதும். உசர மாடில காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், கீழ் மாடில மூடுன காரிடார்ல காத்தே இருக்காது, அங்கதான் நாம உதவணும். காலைல ஒம்பது பத்து மணிக்கு பூ விரிஞ்சிருக்கும், குனிஞ்சு பாத்தா நடுவுல ஊதா கலந்த குச்சி அஞ்சாறு நிக்கும், அதுல வெள்ளையா தூள் பூத்திருந்தா அதான் நேரம். காம்புக்குப் பின்னாடி விரல் நகத்தால லேசா ரெண்டு சுண்டு. என் பொண்ணு பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷ வெச்சு ஒவ்வொரு பூவுக்குப் பின்னாடியும் உர்ருன்னு வெப்பா, அவ வெச்ச பூவெல்லாம் காய் புடிச்சிருச்சு, நான் சுண்டுனதுல பாதி. மூணு நாலு நாள்ல இதழ் காஞ்சு பின்னாடி பச்சையா மொளகு மாதிரி பிஞ்சு எட்டிப் பாக்கும்.

பூச்சி விஷயத்துல இலை சுருட்டல்தான் தலவலி, எல்லாரும் அத ஒரே நோய்னு நெனைக்கறாங்க. இலை மேல் பக்கமா படகு மாதிரி மடங்குனா அது இலைப்பேன் வேலை. கீழ் பக்கமா கவுந்து, கொழுந்து தடிச்சு, இலை ஒல்லியா நீண்டு, அடில பளபளன்னு வெண்கலப் பூச்சு மாதிரி தெரிஞ்சா அது மஞ்ச சிலந்தி, கண்ணுக்குத் தெரியவே தெரியாது, லென்ஸ் வேணும். இலைப்பேன புடிக்க ஒரு வெள்ளக் காயிதத்த கொழுந்துக்கு அடில வெச்சு பூவத் தட்டுங்க, கோடு போட்ட மாதிரி சின்னதா ஏதோ ஓடும். வெள்ளை ஈ கொண்டு வர வைரஸ்னா இலை சின்னதாகி மஞ்சளாகி செடியே குட்டையா நிக்கும், அதுக்கு மருந்து கெடையாது, கட்டி குப்பைல போட்ருங்க, பக்கத்து செடியாச்சும் பொழைக்கும்.

மத்ததுக்கு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், பாத்திரம் தேய்க்கற சோப்பு ரெண்டு மூணு சொட்டு, மொதல்ல சோப்பையும் எண்ணெயையும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணில நுரைக்க நுரைக்க குலுக்கி அப்பறமா மீதித் தண்ணி. வெயில் எறங்குனப்பறம் இலைக்கு அடில நல்லா படற மாதிரி அடிங்க, வாரம் ஒரு தடவ, மூணு வாரம். பகல்ல அடிச்சா இலை வெந்துரும். மாவுப்பூச்சி வந்தா பழைய பிரஷ்ல தேச்சு தண்ணிய வேகமா பீச்சுனாலே பாதி போயிரும், எறும்பு ஏறறத மட்டும் தடுங்க, அதுங்கதான் அந்தப் பூச்சிய மாடு மாதிரி மேய்க்குதுங்க. இங்கயும் உரம்தான் சூத்திரதாரி, தழைச்சத்து மிஞ்சுன மிருதுவான கொழுந்து இருக்கற செடியத்தான் அசுவினிப் பூச்சி மொதல்ல தேடி வரும்.

மழை மாசத்துல உரத்த நிறுத்தி வெயுங்க. வெயில் கம்மி, செடி சாப்பிடறது கம்மி, சாரல் அடிக்கற எடம்னா போட்டதும் கரைஞ்சு போயிரும். காய்ல வட்டமா பள்ளம் விழுந்து அழுக ஆரம்பிச்சா அந்தக் காய ஒடனே எடுத்து குப்பைல போடுங்க, செடி நெருக்கமா இருந்தா உள்பக்கத்து இலைய கொஞ்சம் கழிச்சு காத்து போக விடுங்க.

விதை போட்டு மூணு மாசம் வாக்குல மொத பச்சக் காய் பறிக்கலாம், செகப்பாகணும்னா இன்னும் ரெண்டு மூணு வாரம் பொறுக்கணும். காம்போட கத்தரியால வெட்டுங்க, இழுத்தா கிளையே ஒடிஞ்சு வரும், எனக்கு ஒரு தடவ பதினாறு பிஞ்சோட ஒரு கிளை கைல வந்துருச்சு. மொத ரெண்டு பறிப்ப பச்சையாவே எடுத்துருங்க, எல்லாத்தையும் பழுக்க விட்டா செடி விதை முத்துன திருப்தில புதுப்பூ விடறதக் கொறைச்சுக்கும். ஒவ்வொரு பறிப்புக்கு அப்பறமும் அரைக் கரண்டி கோழி எரு இல்ல ஒரு பிடி மண்புழு உரம், ரெண்டுல ஒண்ணு, ரெண்டும் இல்ல.

ஒரு வருஷம் காய்ச்சதும் செடி கட்டையா வெளுத்துப் போயி காய் சின்னதாகும், புடுங்கிடாதீங்க, மிளகாய் ரெண்டு மூணு வருஷம் இருக்கற செடி. தண்டுலேர்ந்து ரெண்டு கணு விட்டு கிளையெல்லாத்தையும் வெட்டிட்டு, மேல் மண்ணு மூணு விரல்கட்ட அளவுக்கு எடுத்துட்டு புதுசா மண்புழு உரம் கலந்த மண்ணு ரொப்புங்க. மொட்டக் கட்டையா நிக்கறத பாத்து சீன ஆன்ட்டி செத்துப் போச்சா, சாரின்னு துக்கம் விசாரிச்சாங்க, பதினெட்டாம் நாள் தளிர் வந்துச்சு. துளிர் ரெண்டு விரல் நீளம் ஆகற வரைக்கும் வெறும் தண்ணி மட்டும் ஊத்துங்க, அப்பறமா திரவ உரம், பாதி அளவுதான்.